நாலு ஏக்கர் பிழையும் ஒரு கோர்ட்ஹவுஸும்

ஆன்சைட் போயிட்டு வந்ததிலிருந்து "அமெரிக்கா எபிசோட் எப்போ ப்ரோ?"னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ எல்லாம் சுத்திக் காட்ட யூடியூப்ல ஆயிரம் பேர் இருக்காங்க. நான் அஞ்சு மாசம் இருந்தது அயோவா மாநிலத்தில், டெ மாய்ன் நகரத்தில். "அது எங்க இருக்கு?"னு தோணுதா? கம்பெனியில் சொன்னப்போ நானும் அதைத்தான் கேட்டேன். அமெரிக்காவுக்கு நட்டநடுவில், மக்காச்சோளமும் சோயாவும் விளையற பூமி. டெ மாய்னில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏகப்பட்டது. அதனால நம்ம ஆளுங்களும் கணிசமா உண்டு, சாம்பார் பொடிக்குப் பஞ்சமில்லை.

ஆனா இன்னைக்கு டெ மாய்ன் பத்தி இல்லை. அங்கிருந்து தென்மேற்கே முக்கால் மணி நேரம் காரில் போனா மேடிசன் கவுண்டி வரும். அதன் தலைநகரம் விண்டர்செட், 2020 கணக்கெடுப்பின்படி 5,353 பேர். அந்தக் கவுண்டியில் ஒரு நிலத்தை நான் தப்பா வரைஞ்சேன். அந்தக் கதைதான்.

முதல்ல என் வேலை என்னன்னு சொல்லிடறேன். விவசாய நிலங்களோட எல்லைகளை மேப்பில் வரையற ஒரு சாஃப்ட்வேர். நில ஆவணத்தில் எழுத்தா இருக்கிற விவரத்தை எடுத்து, அதைக் கட்டமா மாத்தி, பரப்பளவு கணக்குப் போடணும். கேக்க ஈஸியா இருக்கு. பிரச்சினை என்னன்னா, நில ஆவணம் மாநில அரசுகிட்ட இல்லை. கவுண்டிகிட்ட இருக்கு. அயோவாவில் மொத்தம் 99 கவுண்டி. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி ஃபைல் தரும். ஒரு கவுண்டி அழகா ஜிஐஎஸ் டேட்டா கொடுக்கும், இன்னொண்ணு ஸ்கேன் பண்ண பிடிஎஃப் அனுப்பும், வேறொண்ணு "நேர்ல வந்து பாருங்க" அப்படின்னும்.

மாநிலத்தோட மொத்த ஜனத்தொகை 2020-ல் 31,90,369. சென்னையை விடக் குறைவு. அதுக்கு 99 நிர்வாகம், 99 ஷெரிஃப், 99 கருவூலம். ஆடம்ஸ்னு ஒரு கவுண்டியில் மொத்தமே 3,704 பேர். நான் படிச்ச இன்ஜினியரிங் காலேஜில் இதைவிட அதிகம் பேர் இருந்தோம், எங்களுக்கு ஒரே ஒரு கேன்டீன்தான்.

அப்போ நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஒரு ப்ரொபோசல் எழுதினேன். ஜனத்தொகையில் முதல் இருபது கவுண்டிக்கு மட்டும் ஒழுங்கா டேட்டா எடுப்போம், மீதி 79-க்கு ஒரு ஃபார்முலா வெச்சு உத்தேசமா வரைஞ்சிடலாம், துல்லியம் அப்புறம் பாத்துக்கலாம். மேனேஜருக்கு ரொம்பப் பிடிச்சுது. எனக்கும் பெருமையா இருந்துச்சு, மறைக்க என்ன இருக்கு.

அந்த ஃபார்முலா ஏன் சாத்தியம்னு புரியணும்னா அந்த நிலம் எப்படி அளக்கப்பட்டதுன்னு தெரியணும். அமெரிக்கா சுதந்திரம் அடைஞ்ச கையோட, 1785-ல் ஒரு சட்டம் போட்டாங்க. மேற்கே இருக்கிற நிலத்தை எல்லாம் சதுரம் சதுரமா வெட்டி விக்கணும். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதுக்குள்ள ஒரு மைல் சதுரத்தில் 36 செக்‌ஷன். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர். அந்தக் காலுக்குள் கால், 40 ஏக்கர். பதினாறாம் நம்பர் செக்‌ஷன் பள்ளிக்கூடத்துக்கு. ஆறோ மலையோ எது குறுக்க வந்தாலும் கோடு நேராத்தான் போகும். நீங்க அயோவா மேல ஃப்ளைட்டில் பறந்தா கீழே செஸ் போர்டு மாதிரி தெரியறது இதனாலதான். பெரும்பாலான கிராமத்து ரோடு செக்‌ஷன் எல்லைக் கோட்டு மேலேயே போகுது, மைலுக்கு ஒரு குறுக்கு ரோடு.

செக்‌ஷனுக்கு நம்பர் போடறதும் வேடிக்கை. வடகிழக்கு மூலையில் ஒண்ணுன்னு ஆரம்பிச்சு மேற்கே ஆறு வரைக்கும் போகும். ஏழு அதுக்கு நேர் கீழே. அங்கிருந்து கிழக்கே திரும்பும். ஏர் ஓட்டிக்கிட்டுப் போய் வரப்புல மாட்டைத் திருப்புவாங்க இல்லையா, அதே மாதிரி. என் முதல் வெர்ஷனில் நான் இடமிருந்து வலமா வரிசையா போட்டு வெச்சு ஒரு வாரம் வீணாச்சு. அது வேற கதை.

அளந்த கருவி ஒரு இரும்புச் சங்கிலி. 1620 வாக்கில் எட்மண்ட் குன்டர்னு ஒரு ஆங்கிலேயக் கணித அறிஞர் வடிவமைச்சது. 100 கண்ணி, 66 அடி நீளம். 80 சங்கிலி ஒரு மைல், பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். 66 அடின்னா 22 கெஜம். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? கிரிக்கெட் பிட்ச். ஆமா, ரெண்டும் ஒரே சங்கிலி. இன்னொண்ணு சொல்றேன். நம்ம ஊர்ல நிலத்தைச் சென்ட் கணக்கில் சொல்றோமே, ஒரு சென்ட் 435.6 சதுர அடின்னு ஒரு விநோதமான எண் வருதே, அது எங்கிருந்து வந்துச்சு? ஏக்கரில் நூறில் ஒரு பங்கு, அதாவது சரியா ஆயிரம் சதுரக் கண்ணி. எங்க அப்பா பத்திரத்தில் இருக்கிற சென்ட்டும் அயோவா விவசாயி பத்திரத்தில் இருக்கிற நாற்பது ஏக்கரும் ஒரே சங்கிலியில் கோத்தது. இதைக் கண்டுபிடிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை. ரூம்மேட்கிட்ட சொன்னேன், அவன் "லைட்டை அணைடா"ன்னுட்டான்.

சரி, எல்லாம் சதுரம்னா ஃபார்முலா போதுமே? டவுன்ஷிப் நம்பர், செக்‌ஷன் நம்பர், எந்தக் கால், எந்தக் காலுக்குள் கால். இதை வெச்சே மேப்பில் பெட்டி போட்டுடலாம். ஒவ்வொரு பெட்டியும் 40 ஏக்கர். அப்படித்தான் எழுதினேன், டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டுச்சு, ப்ரொடக்‌ஷனுக்குப் போச்சு.

மூணு வாரம் கழிச்சு ஒரு டிக்கெட். மேடிசன் கவுண்டியில் ஒரு விவசாயி. நாங்க அனுப்பின படிவத்தில் அவரோட ஒரு துண்டு நிலம் 40 ஏக்கர்னு இருந்திருக்கு. அவர் கையால எழுதி ஸ்கேன் பண்ணி அனுப்பியிருந்தார். அதோட சாரம் இதுதான்: என் தாத்தா காலத்திலிருந்து 36 ஏக்கர் சொச்சத்துக்குத்தான் வரி கட்டறோம், மீதி நாலு ஏக்கர் எங்க இருக்குன்னு சொன்னீங்கன்னா போய் உழுதுடுவேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் யோசிச்சா சிரிப்பு நின்னுச்சு. பயிர் இன்சூரன்ஸில் ஏக்கர்தான் எல்லாமே. அதிகமாக் காட்டினா பிரீமியம் அதிகம், நாளைக்கு நஷ்ட ஈடு கேக்கும்போது "நீங்க சொன்ன ஏக்கர் வேற, உண்மை வேற"ன்னு அவர் பொய் சொன்ன மாதிரி ஆகும். பிழை என்னோடது, கெட்ட பேர் அவருக்கு.

கவுண்டிக்கு ஃபோன் போட்டேன். நான் எதிர்பார்த்தது ஐவிஆர், ஒண்ணை அழுத்தவும், ரெண்டை அழுத்தவும். ஒரு அம்மா நேரா எடுத்தாங்க. செக்‌ஷன் நம்பர் கேட்டாங்க. "ஆறு"ன்னேன். "ஓ, ஆறா"ன்னாங்க, டாக்டர் ரிப்போர்ட்டைப் பாத்துட்டு சொல்ற மாதிரி. அப்புறம் பொறுமையா விளக்கினாங்க.

விஷயம் என்னன்னா, பூமி உருண்டை. வடக்கே போகப் போக தீர்க்கரேகைகள் ஒண்ணை ஒண்ணு நெருங்கும். அயோவா இருக்கிற இடத்தில் ஆறு மைல் வடக்கே போனா டவுன்ஷிப்போட மேல் விளிம்பு கீழ் விளிம்பை விடச் சுமார் 40 அடி குறுகிடும். உருண்டை மேல சதுரம் ஒட்டவே ஒட்டாது. இதுகூட சின்ன விஷயம். பெரிய விஷயம் மனுஷன். சேத்துலயும் புதர்லயும் சங்கிலியை இழுத்துக்கிட்டுப் போனவங்க, சங்கிலி தொய்யும், கண்ணி தேயும், எண்ணும்போது ஒண்ணு விட்டுப்போகும். இந்தப் பிழையை எல்லாம் எங்க கொட்டறது? அதுக்கும் விதி இருக்கு. டவுன்ஷிப்போட வடக்கு வரிசையிலும் மேற்கு வரிசையிலும் தள்ளிடணும். மத்த செக்‌ஷன் எல்லாம் ஒழுங்கா இருக்கும். வடமேற்கு மூலையில் இருக்கிற ஆறாம் செக்‌ஷன், பாவம், ரெண்டு பக்கப் பிழையையும் வாங்கிக்கும். அதனால அங்கே ஓரத்துத் துண்டுகளை நாற்பது ஏக்கர்னு சொல்லாம லாட் 1, லாட் 2ன்னு ஏழு லாட்டாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் அளந்த பரப்பை அப்படியே எழுதி வெச்சிருக்காங்க. நம்ம விவசாயியோட நிலம் அப்படி ஒரு லாட்.

அதாவது 19-ஆம் நூற்றாண்டிலேயே எரர் ஹேண்ட்லிங் எழுதி வெச்சிருக்காங்க. நான்தான் டாக்குமென்டேஷன் படிக்கலை.

"முடிஞ்சா வந்து புத்தகத்தைப் பாருங்க"ன்னு அந்த அம்மா சொன்னாங்க. அடுத்த வாரம் ஒரு நாள் லீவு போட்டு, ரூம்மேட்டைக் கார் ஓட்ட வெச்சுக் கிளம்பிட்டேன்.

அயோவான்னா சப்பாத்தி மாதிரி தட்டையா இருக்கும்னு நினைச்சிருந்தேன். டெ மாய்னுக்கு வடக்கே அப்படித்தான். கடைசிப் பனியுகத்தில் ஒரு பனிப்பாறை நாக்கு மாதிரி நீண்டு, சுமார் 14,000 வருஷத்துக்கு முன்னாடி டெ மாய்ன் வரைக்கும் வந்து நின்னுடுச்சு. அது தேய்ச்ச இடமெல்லாம் தட்டை. தெற்கே அந்தத் தடவை பனி வரலை. அதனால அங்கே ஆறுகளுக்கு நிலத்தை அறுக்க லட்சக்கணக்கான வருஷம் கிடைச்சுது. மேடிசன் கவுண்டிக்குள் நுழைஞ்சதும் ரோடு ஏறி இறங்க ஆரம்பிக்குது. மிடில் ரிவர், நார்த் ரிவர்னு ஆறுகள், ஓடைகள், பள்ளத்தாக்கு. ஆறு அறுத்த இடத்தில் சுண்ணாம்புக்கல் தெரியும். சுமார் 30 கோடி வருஷத்துக்கு முன்னாடி அங்கே கடல் இருந்திருக்கு. அந்தப் பாறை அடுக்கில் ஒண்ணுக்குப் புவியியல்காரங்க விண்டர்செட் சுண்ணாம்புக்கல்னே பேர் வெச்சிருக்காங்க.

ஊர்ப் பேருக்கு ஒரு கதை சொல்றாங்க. 1849-ல் பேர் வைக்கக் கூடின கூட்டத்தில் ஒருத்தர் "சம்மர்செட்"னு சொன்னாராம். ஜூலை மாசம், ஆனா அன்னைக்குன்னு பாத்து நல்ல குளிர். "இந்தக் குளிருக்கு விண்டர்செட்னு வைங்கய்யா"ன்னு யாரோ கடுப்புல சொல்ல, அதுவே நிலைச்சுடுச்சாம். நிஜமோ கற்பனையோ, நல்லா இருக்கு. நடிகர் ஜான் வெய்ன் 1907-ல் பிறந்தது இந்த ஊர்தான், அதுக்கு மியூசியம் எல்லாம் இருக்கு. நாங்க அதுக்குப் போகலை.

ஊர் நடுவில் ஒரு சதுர மைதானம், அதுக்கு நடுவில் கோர்ட்ஹவுஸ். சுத்தி நாலு பக்கமும் கடைத்தெரு. நம்ம கோயிலைச் சுத்தி மாட வீதி இருக்கிற மாதிரி, இங்கே நடுவில் அரசாங்கம். முந்தின கட்டடம் 1875-ல் எரிஞ்சுபோச்சு. அடுத்த வருஷமே இதை ஆரம்பிச்சிருக்காங்க. உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல், மேல கோபுரம். வரைஞ்சு கொடுத்தவர் ஆல்ஃபிரட் பிக்கனார்ட், அயோவா மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடத்தை வடிவமைச்சவர். ஒரு கிராமத்துக் கவுண்டி மாநிலத் தலைநகரத்து ஆர்க்கிடெக்டைக் கூப்பிட்டிருக்கு.

கோர்ட்ஹவுஸை நீதிமன்றம்னு தமிழ்ப்படுத்தினா தப்பா புரிஞ்சுக்குவீங்க. நீதிமன்றம் அதில் ஒரு பகுதிதான். நம்ம கலெக்டர் ஆபீஸ், தாலுகா ஆபீஸ், ரெஜிஸ்டர் ஆபீஸ், எலக்‌ஷன் ஆபீஸ் எல்லாத்தையும் ஒரே கட்டடத்தில் போட்டா எப்படி இருக்கும்? அதுதான். இதில் பெரிய வித்தியாசம், யாரும் மேலிருந்து நியமிச்சு வர்றதில்லை. ஆடிட்டர், ட்ரெஷரர், ரெக்கார்டர், ஷெரிஃப், கவுண்டி வக்கீல், எல்லாரும் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டு வாங்கி வர்றவங்க. பத்திரம் பதியறவர் தேர்தலில் நிக்கறார், யோசிச்சுப் பாருங்க. மேல சூப்பர்வைசர்ஸ் போர்டுன்னு மூணு பேர். பட்ஜெட், ரோடு, பாலம், விதி எல்லாம் அவங்க கையில்.

ஒரு துண்டு நிலம் நாலு ஆள் கையில் இருக்கு. பத்திரத்தைப் பதிஞ்சு வைக்கிறவர் ரெக்கார்டர். யார் பேரிலிருந்து யார் பேருக்கு மாறுச்சுன்னு ஏடு வைக்கிறவர் ஆடிட்டர். என்ன மதிப்புன்னு சொல்றவர் அசெஸர். வரியை வாங்கறவர் ட்ரெஷரர். இதில் அசெஸருக்கு மட்டும் தேர்தல் கிடையாது. பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணணும், அப்புறம் சூப்பர்வைசர்கள், ஊர் மேயர்கள், பள்ளிக்கூட போர்டு ஆட்கள் சேர்ந்த ஒரு குழு நியமிக்கும். ஏன்னு கேட்டா சிம்பிள்: உங்க நிலத்து மதிப்பைப் போடறவர் உங்ககிட்டேயே ஓட்டு கேட்டு வந்தா என்ன ஆகும்? எங்க ஆபீஸில் இதை ஆக்ஸஸ் கன்ட்ரோல்னு சொல்லி நாலு மீட்டிங் போடுவாங்க.

நீதிபதி மாநிலத்து ஆள். 1980-களில் கோர்ட்டுச் செலவை மாநிலம் எடுத்துக்கிச்சு. ஆனா அவர் உக்கார இடம் கொடுக்க வேண்டியது இன்னமும் கவுண்டிதான். வாடகைக்குக் குடிவந்தவர் வாடகை தராத மாதிரி. கவுண்டிகளுக்கு அது கொஞ்சம் எரிச்சல்தான்.

ஃபோனில் பேசின அம்மா நாங்க வருவோம்னு நம்பவே இல்லையாம். உள்ளே கூட்டிட்டுப் போய் ஒரு பெரிய புத்தகத்தை மேசையில் விரிச்சாங்க. கையால வரைஞ்ச டவுன்ஷிப் படம். பழுப்பு மசியில் ஓடை, மரக்கூட்டம். இடது மேல் மூலையில் ஆறாம் செக்‌ஷன். அதுக்குள் ஏழு லாட், ஒவ்வொண்ணிலும் தசமப் புள்ளியோட ஏக்கர். நான் தேடி வந்த எண் அங்கே இருந்துச்சு. என் சாஃப்ட்வேர் 40னு அடிச்சுச் சொன்ன இடத்தில், யாரோ ஒருத்தர் குளிர்லயும் கொசுக்கடியிலும் அளந்து, இது 40 இல்லைன்னு நேர்மையா எழுதி வெச்சிருக்கார்.

அந்தப் படத்தில் இல்லாத விஷயத்தையும் சொல்லணும். இந்த நிலம் காலியா இருந்து சதுரம் போட்டதில்லை. சாக், மெஸ்க்வாக்கி மக்கள் 1842-ல் ஒரு ஒப்பந்தத்தில் மத்திய அயோவாவை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. 1845 அக்டோபரோட அவங்க வெளியேறணும்னு கெடு. அடுத்த வருஷம் 1846-ல் மேடிசன் கவுண்டி காகிதத்தில் பிறந்தாச்சு. ஆனா கதை அதோட முடியலை. மெஸ்க்வாக்கிகள் 1857-ல் டாமா கவுண்டியில் 80 ஏக்கர் நிலத்தைக் காசு கொடுத்து வாங்கினாங்க. எந்தக் கட்டத்தைப் போட்டு அவங்க மண்ணை வித்தாங்களோ, அதே கட்டத்தில் ரெண்டு நாற்பது. அதைக் கொஞ்சம் கொஞ்சமா வளர்த்து இன்னைக்கு 8,000 ஏக்கருக்கு மேல வெச்சிருக்காங்க, அங்கேயேதான் இருக்காங்க. இதைப் பத்தித் தனி எபிசோட் பண்ணணும்.

மதியம் பாலம் பார்க்கப் போனோம். 'தி பிரிட்ஜஸ் ஆஃப் மேடிசன் கவுண்டி' படம் பாத்திருப்பீங்க, 1995, கிளின்ட் ஈஸ்ட்வுட், மெரில் ஸ்ட்ரீப். அதில் வர்ற கூரை போட்ட மரப்பாலங்கள். ஒரு காலத்தில் 19 இருந்துச்சு, இப்போ ஆறு. எல்லாரும் அங்கே காதலைப் பத்திப் பேசறாங்க. எனக்குப் பிடிச்சது பட்ஜெட். பாலத்துக்கு ஏன் கூரை? குதிரை பயப்படாம இருக்க, பனி விழாம இருக்கன்னு ஆளுக்கொரு காரணம் சொல்வாங்க. நிஜக் காரணம் கவுண்டி போர்டோட உத்தரவு. தளத்துக்குப் போடற கனமான மரம் விலை அதிகம், மழையில் சீக்கிரம் உளுத்துடும். பக்கப் பலகையும் கூரையும் மலிவு. மலிவானதைப் போட்டு விலை அதிகமானதைக் காப்பாத்து. அவ்வளவுதான். உலகமே வந்து செல்ஃபி எடுக்கிற ரொமான்ஸுக்குப் பின்னாடி ஒரு சிக்கனக் கணக்கு.

பேர் வைக்கிறதும் அப்படித்தான், பெரும்பாலும் பாலத்துக்குப் பக்கத்தில் யார் குடியிருந்தாங்களோ அவங்க பேர். ரோஸ்மன், ஹோலிவெல், இப்படி. இதில் சீடர் பாலத்தை மட்டும் நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு. 1883-ல் கட்டினது, 2002-ல் யாரோ தீ வெச்சு எரிச்சாங்க. 2004-ல் பழைய மாதிரியே கட்டினாங்க. 2017-ல் மறுபடி தீ. 2019-ல் மறுபடி கட்டினாங்க. நாங்க போனப்போ மரம் இன்னும் புதுசு மாதிரி வெளிச்சமா இருந்துச்சு. மரத்தில் அதுக்குள்ளேயே யாரோ பேர் செதுக்கியிருந்தாங்க.

படத்தில் வராத பாலங்கள்தான் நிஜப் பிரச்சினை. அயோவாவில் சுமார் 24,000 பாலம் இருக்கு. மோசமான நிலையில் இருக்கிற பாலங்களோட எண்ணிக்கையில் இந்த மாநிலம்தான் நாட்டிலேயே முன்னணி. அதில் பெரும்பாலானது கவுண்டி ரோட்டில், ஏதோ ஒரு ஓடை மேல, நாளைக்கு நாலு வண்டி போற இடத்தில். மைலுக்கு ஒரு ரோடு போட்டதுக்கான வட்டியை இப்போ கட்டறாங்க. ஒரு சின்னப் பாலத்தை மூடினா சென்னையில் உக்காந்து பாக்கறவனுக்கு அது ஒரு சிவப்புப் புள்ளி. அறுவடை நேரத்தில் பெரிய மெஷினை எடுத்துக்கிட்டு அஞ்சாறு மைல் சுத்திப் போறவருக்கு அது டீசல், நேரம், மழை வர்றதுக்குள்ள முடியுமாங்கிற பயம்.

மூணு பேர் போர்டு இதையெல்லாம் திறந்த கூட்டத்தில் பேசறாங்க, யாரும் போய் உக்காரலாம், பேசலாம். காற்றாலைச் சண்டையும் அங்கேதான் நடந்துச்சு. அயோவாவோட மின்சாரத்தில் பாதிக்கு மேல காத்திலிருந்து வருது. ஆனா மேடிசன் கவுண்டி 2020 டிசம்பரில் புதுக் காற்றாலைகளுக்குக் கடுமையான கட்டுப்பாடு கொண்டுவந்துச்சு. வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், மொத்தம் எத்தனை, இதெல்லாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, காற்றாலை வரணும்னு நினைக்கிற ஆள் நான். ஆனா தன் ஜன்னலுக்கு வெளியே என்ன நிக்கணும்னு முடிவு பண்றவங்களைக் கடைத்தெருவில் பாத்துக் கேள்வி கேக்க முடியுது பாருங்க, அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

திரும்பி வரும்போது அதே பழைய கேள்வியைத்தான் யோசிச்சேன். ஏன் 99? நிறைய கவுண்டி நாலுக்கு நாலு, 16 டவுன்ஷிப். மேடிசனும் சரியா 16. ஒரு பக்கம் 24 மைல். எந்த மூலையில் இருக்கிற விவசாயியும் குதிரை வண்டியில் கோர்ட்ஹவுஸ் வந்து வேலையை முடிச்சுட்டு இருட்டறதுக்குள்ள வீடு திரும்பணும், அதுதான் கணக்குன்னு சொல்வாங்க. மாநில அரசியல் சாசனத்திலேயே ஒரு கட்டுப்பாடு இருக்கு. 432 சதுர மைலுக்குக் குறைஞ்சு புதுக் கவுண்டி கூடாது, அதாவது 12 டவுன்ஷிப். 1870-ல் க்ராக்கர்னு நூறாவது கவுண்டி ஒண்ணை உருவாக்கினாங்க. அளவு பத்தலைன்னு மாநில உச்ச நீதிமன்றம் அடுத்த வருஷமே தள்ளுபடி பண்ணிடுச்சு. ஒரே வருஷம் வாழ்ந்த கவுண்டி. அதிலிருந்து 99 மாறவே இல்லை. குதிரை போச்சு, ரயில் வந்து போச்சு, கார் வந்துச்சு, ஆன்லைன் வந்துச்சு. 99 அப்படியே நிக்குது.

இதை ஒண்ணாச் சேருங்கன்னு சொல்றவங்க ரொம்ப காலமா இருக்காங்க. அவங்க சொல்றதில் நியாயமும் இருக்கு. 3,704 பேர் சேர்ந்து ஒரு ஷெரிஃப், ஒரு ஜெயில், நூத்துக்கணக்கான மைல் ரோடு, இதையெல்லாம் சொத்து வரியில் தாங்கறது லேசுப்பட்ட விஷயமில்லை. ஆனா கோர்ட்ஹவுஸை எடுத்தா அந்த ஊர்ச் சதுரத்தில் என்ன மிஞ்சும்னு அவங்களால சொல்ல முடியலை. வக்கீல் ஆபீஸ் போகும், அப்புறம் மதியம் சாப்பிட வர்றவங்க போவாங்க, அப்புறம் ஹோட்டல். முன்னாடி நானும் சேர்க்கணும்னுதான் சொல்லியிருப்பேன். இப்போ கேட்டா, அலுவலக வேலையை நாலு கவுண்டி பகிர்ந்துக்கட்டும், புத்தகமும் அதைப் படிக்கத் தெரிஞ்ச ஆளும் அங்கேயே இருக்கட்டும்னு சொல்வேன். ஆறுன்னதும் "ஓ, ஆறா"ன்னு சொன்னாங்களே, அது எந்த டேட்டாபேஸிலும் இல்லை.

என் ப்ரொபோசல் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. மேனேஜர்கிட்ட போய் அதை வாபஸ் வாங்கிக்கறேன்னேன். 99 கவுண்டிக்கும் நிஜ டேட்டாவே எடுப்போம், கூட நாலு மாசம் ஆகும்னேன். அவர் பொறுமையா கேட்டார். நல்ல மனுஷன், திட்டலை. என்னோட ஸ்லைடையே எடுத்துக் காமிச்சார். "முதல் இருபது கவுண்டியில் மக்கள்தொகையில் பெரும்பங்கு வந்துடுதுன்னு நீதானே எழுதின?" நான் எழுதினதுதான். மீதி 79 கவுண்டி ஃபேஸ் டூவுக்குப் போச்சு. ஃபேஸ் டூ என்னன்னு ஐடியில் இருக்கிற யாரையாவது கேளுங்க.

ஒரு விஷயம் மட்டும் பண்ண முடிஞ்சுது. வடக்கு, மேற்கு வரிசை செக்‌ஷன் எது வந்தாலும் 40னு அடிக்காம, "இது உத்தேசம், கவுண்டி பதிவைப் பாக்கவும்"னு படிவத்தில் ஒரு வரி வர்ற மாதிரி கோடை மாத்தினேன். அந்த விவசாயியோட லாட்டை நிஜ ஏக்கரோட டெஸ்ட் கேஸா சேர்த்தேன். நான் அந்த டீமை விட்டு வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. போன மாசம் அங்கே புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன் மெசேஜ் பண்ணான்: "அண்ணா, இந்த ஒரு டெஸ்ட் மட்டும் ஃபெயில் ஆகுது, நாற்பதுன்னு மாத்திடட்டுமா?"

நான் அவனுக்கு மேடிசன் கவுண்டி ஃபோன் நம்பரைக் கொடுத்தேன்.